மதாம், பூர்ஷ்வா, பொம்பள

மாப்பசானின் 'நெக்லஸ்' கதையை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் அது இருக்கிறது. தேர்வில் எழுத வேண்டிய பதிலும் எல்லோருக்கும் தெரியும். ஆடம்பர ஆசை அழிவைத் தரும், இருப்பதைக் கொண்டு வாழ வேண்டும், தொலைத்ததை ஒப்புக்கொண்டிருந்தால் பத்து வருடம் வீணாகியிருக்காது. பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள்.

நான் எழுத வந்தது அந்த நீதியைப் பற்றி அல்ல. கதையின் கடைசிப் பக்கத்தில் வரும் ஒரு சொல்லைப் பற்றி.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. 1884 பிப்ரவரியில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த கதை இது. மத்தில்த் அழகானவள். வரதட்சணை கொடுக்க வழியில்லாத வீட்டில் பிறந்ததால் கல்வி அமைச்சகத்தில் வேலை செய்யும் ஒரு சாதாரண எழுத்தருக்கு வாழ்க்கைப்படுகிறாள். (கதை வரதட்சணையில்தான் தொடங்குகிறது. ஆசையைத் திட்டுகிறவர்கள் இந்த முதல் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.) அமைச்சர் வீட்டு விருந்துக்காகப் பள்ளித் தோழி ழானிடம் வைர மாலையை இரவல் வாங்குகிறாள். தொலைத்துவிடுகிறாள். 36,000 பிராங்குக்கு அதேபோல் ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனைப் பத்து ஆண்டுகள் உழைத்து அடைக்கிறார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் ழானைப் பார்க்கிறாள். பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறாள். ழானுக்கு அடையாளம் தெரியவில்லை. தன்னை இவ்வளவு உரிமையோடு கூப்பிடும் இந்தப் பெண் யார் என்று வியக்கிறாள். மாலை போலி என்பது அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது.

'இந்தப் பெண்' என்று நான் எழுதிய இடத்தில் மாப்பசான் போட்டிருக்கும் சொல் 'புர்ஷுவாஸ்'. நம் ஊரில் 'பூர்ஷ்வா' என்று புழங்கும் அதே சொல்லின் பெண்பால்.

கல்லூரியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தவள் நான். மதிப்பெண் கூட வரும் என்று சொன்னார்கள், எடுத்தேன். கீழ்புத்துப்பட்டிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போய் வந்து படித்தேன். மூலக்கதையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு இடித்தது. ஏனென்றால் 'பூர்ஷ்வா' எனக்குப் பிரெஞ்சு வகுப்புக்கு முன்பே தெரிந்த சொல். மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் கூலிக் கூட்டங்களுக்கு அம்மா என்னையும் அழைத்துப் போயிருக்கிறார். செங்கொடி கட்டிய மேடையில் அந்தச் சொல் ஒலிபெருக்கியில் வரும். பணம் படைத்தவன், அடுத்தவர் உழைப்பில் கொழுத்தவன் என்றுதான் எங்களுக்கு அதன் பொருள். கை சிவந்து, தலை கலைந்து, பாவாடை கோணலாகத் தொங்க நிற்கும் ஒருத்தியைப் போய் யாராவது பூர்ஷ்வா என்பார்களா?

கேட்டேன். "சாதாரணப் பெண் என்று வைத்துக்கொள், மேலே போ" என்று பதில் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புகளிலும் அப்படித்தான் மேலே போயிருக்கிறார்கள். ஒருவர் சாதாரண ஆள் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். இன்னொருவர் எளிய குடும்பத்துப் பெண் என்கிறார்.

சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது கொஞ்சம் பிடிபட்டது. 'பூர்க்' என்றால் மதில் சூழ்ந்த ஊர், சிறு நகரம். அதில் குடியிருந்தவர் பூர்ஷ்வா. பிரபுவும் இல்லை, பண்ணையாளும் இல்லை. நிலப்பிரபுக்கள் அந்தச் சொல்லை எள்ளலாகச் சொன்னார்கள். கையில் காசு உண்டு, நயம் கிடையாது என்று அர்த்தம். பிரபுபோல நடிக்கப் பார்க்கும் பூர்ஷ்வாவைக் கேலி செய்து மோலியேர் 1670இல் ஒரு நாடகமே போட்டார். 1848இல் மார்க்சும் எங்கெல்சும் அதே சொல்லைக் கீழேயிருந்து மேலே பார்த்துச் சொன்னார்கள். உற்பத்திக் கருவிகளைக் கையில் வைத்திருக்கும் வர்க்கம் என்ற பொருள் அப்போது ஊன்றியது. இதற்கிடையில் பாரிஸ் பேச்சுமொழியில் வேலைக்காரப் பெண் தன் எசமானியைப் 'புர்ஷுவாஸ்' என்றாள். தொழிலாளி தன் மனைவியை 'என் புர்ஷுவாஸ்' என்றான், நம் ஊரில் 'எங்க வீட்டம்மா' என்பதுபோல.

ஆக, அந்தச் சொல்லுக்கு நிலையான உயரம் கிடையாது. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது மேலே போகும், கீழே வரும். ழான் பிரபு வம்சத்தாள் அல்ல. மார்க்சின் கணக்கில் அவள்தான் பூர்ஷ்வா. ஆனால் அவள் நிற்கும் படியிலிருந்து கீழே பார்க்கும்போது, நயமில்லாத, சந்தைக்கூடை தூக்குகிற ஏதோ ஒரு குடும்பப் பெண் அவளுக்குப் 'புர்ஷுவாஸ்' ஆகிவிடுகிறாள். மாப்பசான் அந்தச் சொல்லைத் தன் குரலில் சொல்வதுபோல எழுதியிருந்தாலும் பார்வை ழானுடையது. பத்து வருடம் தன் மாலைக்காக மாடி மாடியாய்த் தண்ணீர் தூக்கியவளை அவள் அந்த ஒரு சொல்லில் எடை போட்டு முடித்துவிடுகிறாள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ழான் மனதுக்குள் அப்படி நினைத்தாலும் வாயால் 'மதாம்' என்கிறாள். மரியாதைப் பன்மையில், நமது 'நீங்கள்' போன்ற 'வூ'வில் பேசுகிறாள். நான் மத்தில்த் என்று இவள் சொன்ன பிறகுதான் 'நீ'க்கு இறங்குகிறாள். அந்த 'நீ' பழைய தோழமையின் 'நீ'. கூடவே இரக்கமும் வருகிறது.

மதாம் என்ற சொல் எங்கள் கரைக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் துய்ப்ளேயின் மனைவியை 'மதாம்' என்றே எழுதுகிறார். ஆண்களுக்கு 'முசே'. இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சு இராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் குடும்பத்தைச் 'சொல்தா வீடு' என்பார்கள். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான் அது. அதைச் சொல்லும்போது குரலில் பொறாமை பாதி, மரியாதை பாதி இருக்கும். 'மதாம்' யாருக்கு, யாருக்கு இல்லை என்று சொல்லித்தர எங்களுக்கு மாப்பசான் தேவைப்படவில்லை.

உப்பளத்தில் இந்த ஏணி இன்னும் தெளிவாகத் தெரியும். உப்பளத்துக்காரர் 'மொதலாளி'. அவர் மனைவி அளத்தில் கால் வைத்ததே இல்லையென்றாலும் 'மொதலாளியம்மா'. கணக்குப் பார்ப்பவர் 'சார்'. இருட்டோடு வந்து பாத்தி மிதித்து, பலகையால் உப்பு வாரி, சும்மாடு கூட்டிக் கூடை சுமக்கும் பெண்களுக்கு 'ஏம்மா', 'இந்தா புள்ள', 'அந்தப் பொம்பளைங்க'. இருபது வயதுக் கணக்குப்பிள்ளை அறுபது வயதுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அவள் அவனைப் பெயர் சொல்ல முடியாது. மத்தில்த் தெருவில் செய்த 'குற்றமும்' அதுதானே? பணக்காரத் தோற்றத்தில் இருந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நம் ஊரில் இதை வர்க்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் யாரைப் பெயர் சொல்லலாம் என்பதைச் சாதி முன்னமே எழுதி வைத்திருக்கிறது. கூலி கூடினாலும் அந்த எழுத்து சீக்கிரம் அழிவதில்லை.

ஒருமுறை படிப்பு விஷயமாக அம்மாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணியிடம் "சொல்லுங்க மேடம்" என்றார் மேசைக்காரர். அடுத்து அம்மா. "யாரு நீ? என்னா வேணும்?" அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "இந்தப் புள்ளையோட அம்மா" என்றார். என் கையிலிருந்த பிரெஞ்சுப் பாட நூல்களையும் மதிப்பெண் சான்றிதழையும் பார்த்த பிறகு அவர் குரல் மாறியது. "ஓ, நீங்களா? உக்காருங்க." முன்னால் நின்றவருக்கு எதையும் காட்டாமலே கிடைத்த 'நீங்க' அம்மாவுக்கு என் சான்றிதழைப் பார்த்த பிறகு வந்தது.

திரும்பி வரும் பேருந்தில் எனக்கு ழானின் நினைவுதான் வந்தது. அங்கே அடையாளம் தெரியாதவளுக்கு 'நீங்கள்', தெரிந்தபின் 'நீ'. எங்கள் ஊரில் ஏழை என்று தெரிந்தவளுக்கு எடுத்த எடுப்பில் 'நீ', ஏதாவது தகுதி நிரூபிக்கப்பட்டால் 'நீங்க'. பிரெஞ்சுக்காரர்கள் அவமதிப்பை மரியாதைக்குள் மறைத்து வைத்தார்கள். நமக்கு மறைக்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. இதனால் அவர்கள் உயர்ந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரிஸ் தெருவில் கொடுத்த மரியாதைப் பன்மையை அவர்கள் காலனிகளுக்குக் கப்பலேற்றவில்லை. கறுப்பர்களிடமும் அரபுகளிடமும் வெள்ளை மருத்துவர்கள்கூட எப்படிக் கொச்சையாக, ஒருமையில் பேசினார்கள் என்பதை மார்த்தினிக்கில் பிறந்த ஃபனான் 1952இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார்.

நான் அந்தக் கதையைத் தமிழில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். 'புர்ஷுவாஸ்' என்ற இடத்தில் நாள்கணக்கில் நின்றேன். 'பெண்மணி' என்று போட்டால் மாலை மரியாதை வந்துவிடுகிறது. மேடையில் சால்வை போர்த்தும்போது சொல்லும் சொல் அது. 'ஏழைப் பெண்' என்றால் இரக்கம் முந்திக்கொள்கிறது, ழானிடம் அந்த நொடியில் இரக்கம் இல்லை. 'இல்லத்தரசி' என்றால் கேலியாகிவிடுகிறது, அரசிக்கு இல்லமாக இருந்தது மொட்டைமாடியை ஒட்டிய ஓர் அறை. 'நடுத்தர வர்க்கப் பெண்' என்றால் புள்ளிவிவரம். 'பூர்ஷ்வா' என்றே விட்டால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் மேடையில் இருப்பவர்கூடச் சிரிப்பார். மிஞ்சியது 'பொம்பள'.

'பொம்பள' விசித்திரமான சொல். எங்கள் வீட்டில் அதில் ஒரு தவறும் இல்லை. "நாலு பொம்பளைங்க சேந்தா நடக்காதா?" என்று அம்மா சொல்லும்போது அது பலம். அதையே "அந்தப் பொம்பள" என்று வெள்ளைவேட்டி ஒன்று சொல்லும்போது அவள் பெயர், ஊர், வயது எல்லாம் ஒரே வீச்சில் காணாமல் போகின்றன. எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை, சொல்லும் வாய்தான் மாறுகிறது. 'புர்ஷுவாஸ்' பாரிஸில் செய்ததை 'அந்தப் பொம்பள' மரக்காணத்தில் செய்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். அப்படி ஒரு மழைநாளில் அம்மாவுக்கும் சித்திக்கும் அம்மாவோடு வேலை செய்யும் இரண்டு அக்காக்களுக்கும் என் தமிழைப் படித்துக் காட்டினேன். 'அந்தப் பொம்பள' வந்ததும் சித்தி, "அப்டித்தான் பாப்பாளுங்க" என்றார். சொல் சரியாக விழுந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. மாலை போலி என்றதும் எல்லோரும் "அடிப்பாவி" என்று சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த வேலைக்காரப் புள்ள என்னா ஆனா?" என்றார்.

"எந்தப் புள்ள?"

"கடன் வந்ததும் நிறுத்திட்டாங்கன்னு படிச்சியே, அது."

நான் மறுபடி தேடிப் பார்த்தேன். கதையின் தொடக்கத்தில் மத்தில்த் வீட்டில் வேலை செய்ய ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. 'சின்ன பிரெத்தோன் பெண்', அவ்வளவுதான். பிரெத்தான் என்பது பிரான்சின் மேற்கு மூலையில், கடலை ஒட்டிய பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள். 'பிரெத்தோன் பெண்' என்றாலே வேலைக்காரி என்று பொருளாகும் அளவுக்குப் போனார்கள். 1905இல் சிறுமிகளுக்கான ஒரு பாரிஸ் வார இதழில் பெகாசின் என்ற படக்கதை வந்தது. அதன் நாயகி பிரெத்தான் வேலைக்காரி, அப்பாவி, அசடு. ஒரு மாகாணத்தின் பெயரே வேலைக்காரிக்கும் அசட்டுத்தனத்துக்கும் பெயராகிவிட்டது.

இந்தப் பெயரில்லாப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் மத்தில்த்துக்குத் தன் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே என்று ஏக்கம் வருகிறது. கடன் வந்ததும் அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் எங்கே போனாள், கூலி பாக்கி கொடுத்தார்களா, எதுவும் கதையில் இல்லை. அடுத்த வரிகளில் மத்தில்த் பாத்திரம் தேய்க்கிறாள், அழுக்குத் துணி துவைக்கிறாள், குப்பை இறக்குகிறாள், தண்ணீர் ஏற்றுகிறாள். அதைத்தான் ஏழைகளின் கொடிய வாழ்க்கை என்கிறது கதை. நேற்றுவரை அந்த வீட்டில் இதே வேலையெல்லாம் யார் செய்தது? அவள் செய்தபோது அது கொடுமையாகத் தெரியவில்லை, வீட்டுவேலையாகத் தெரிந்தது.

"பத்து வருசம் அவ செஞ்சா கதை. நாங்க முப்பது வருசமா செய்யறோம், அது பொழப்பு" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்றைக்குப் பிறகு கடைசிப் பக்கத்து வருணனையையும் என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. மத்தில்த் கீழே விழுந்துவிட்டாள் என்பதற்குக் கதை தரும் அடையாளங்கள் வலிமை, கடினம், முரட்டுத்தனம், சிவந்த கை, உரத்த குரல். பள்ளியில் இவற்றை 'அழகிழந்தாள்' என்று ஒரு வரியில் எழுதினோம். உப்பளத்தில் உரக்கப் பேசாவிட்டால் அடுத்த பாத்தியில் இருப்பவளுக்குக் கேட்காது. மறைப்பே இல்லாத வெளி, கடல்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும், வெடிப்பில் உப்பு ஏறும், அதோடு மறுநாளும் இறங்க வேண்டும். இந்த உடம்பை 'முரடு' என்று சொல்லும் சொல் வரப்புக்கு அந்தப் பக்கம் செருப்போடு நிற்பவரின் சொல். கடனை அடைத்து முடித்ததில் மத்தில்த்துக்கு ஒரு பெருமிதம் இருக்கிறது, அதை மாப்பசான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமிதத்துக்குரிய உடம்பை வருணிக்க அவரிடம் இருந்த சொற்கள் எல்லாம் ழானின் அலமாரியிலிருந்து எடுத்தவை.

நம் அலமாரியும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பெயரின் முன்னால் 'கீழ்' இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் கீழ் என்றால் கிழக்கு, நிலம் கடலை நோக்கிச் சரிவதால் வந்த பொருள். அதே 'கீழ்' சாதிக்கு முன்னால் நிற்கும்போது யாரும் கிழக்கை நினைப்பதில்லை. இந்தக் கரை நெடுக மீனவர் ஊர்களுக்குக் குப்பம் என்று பெயர். நகரத்துச் சண்டையில் 'குப்பத்துக்காரி' என்பது வசை. சேரி என்றால் பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடம், சோழர்காலப் பிராமண ஊரான உத்திரமேரூரின் பகுதிகளுக்கும் சேரி என்றுதான் கல்வெட்டில் பெயர். இன்று புதுச்சேரி என்று சொல்லிக் காரில் சுற்றுலா வருபவர் 'சேரி' என்று தனியாகச் சொல்லும்போது முகம் சுளிப்பார். ஆங்கிலத்தில் தீயவனைக் குறிக்கும் 'வில்லன்', நம் சினிமாவில் ஓடும் அதே வில்லன், பண்ணையில் வேலைசெய்த நாட்டுப்புறத்தானைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தவன். உழைப்பவர் வாழும் இடத்தின் பெயரெல்லாம் ஒருநாள் வசையாக மாறுவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

எங்கள் ஊரில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கான முகாம் இருக்கிறது. என்னோடு படித்த முகாம் பிள்ளைகள் உண்டு. அகதி என்றால் கதியற்றவர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இனி 'அகதிகள் முகாம்' வேண்டாம், 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கப்படும் என்று அறிவித்தது. அங்கேயுள்ள தோழி ஒருத்தியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பேர் மாறினது சந்தோசம்தான். பஸ்ஸில இன்னும் 'அகதி கேம்ப் எறங்கு' எண்டுதான் சொல்லினம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இப்ப திருத்திச் சொல்ல எனக்கொரு சொல் இருக்கு" என்றாள். குடியுரிமை வேறு, பெயர்ப்பலகை வேறு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் திருத்திச் சொல்ல ஒரு சொல் கையில் இருப்பதை அவள் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

என் மொழிபெயர்ப்பில் ழான் மனதுக்குள் 'அந்தப் பொம்பள' என்று நினைக்கிறாள், வாயால் 'நீங்க' என்கிறாள். படித்துப் பார்த்த ஒரு தோழர், "இரண்டும் ஒட்டவில்லையே, பொம்பள என்று நினைப்பவள் நீங்க என்பாளா?" என்று கேட்டார். ஒட்டாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அங்குள்ள மேல்தட்டு நாகரிகம் அப்படிப்பட்டது, தமிழ்க் காதுக்கு அது உறுத்தினால் நல்லதுதான். பிரெத்தோன் பெண்ணுக்குப் பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அவளை அனுப்பிவிடும் இடத்தில் 'வேலைக்காரியை நிறுத்தினார்கள்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'வேலைக்கு இருந்த பிரெத்தோன் பெண்ணை அனுப்பிவிட்டார்கள்' என்று மாற்றினேன். தொடக்கத்தில் பார்த்த அதே பெண்தான் இவள் என்று படிப்பவருக்கு நினைவு வரவேண்டும்.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீதி என்ன என்று கேட்கும் முன்பு, கதையில் யார் யாரை என்ன சொல்லிக் குறிக்கிறார்கள் என்று பிள்ளைகளை ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே பட்டியலை அவரவர் வீட்டுக்கும் தெருவுக்கும் போடச் சொல்லுங்கள். வீட்டுவேலைக்கு வரும் அக்காவின் முழுப்பெயர் தெரியாத பிள்ளைகள் அன்று மாலை அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும்.